அணைக்குக் கீழே கிராப்பி: தண்ணீர் ஏறும்போதும் இறங்கும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெம்ஃபிஸில் இருக்கும் நம்மவர்களில் தூண்டில் பைத்தியம் பிடித்தவர்கள் சனிக்கிழமை விடியற்காலையில் ஐ-55 நெடுஞ்சாலையில் தெற்கே கிளம்பிவிடுவார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் சார்டிஸ் அணை ஒரு மணி நேரம், ஈனிட் அணை இன்னும் கொஞ்சம் தள்ளி. பலருக்குப் படகு கிடையாது. அணைக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் இடத்தில், கரையில் நின்று கிராப்பி பிடிப்பார்கள். போன வாரம் கொட்டிக் கொடுத்த இடம் இந்த வாரம் ஏன் கையை விரித்தது என்ற கேள்வி திங்கட்கிழமை என்னிடம் வந்துவிடும். அதையும் அதைச் சுற்றி வரும் மற்ற சந்தேகங்களையும், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிராப்பின்னா என்ன மீன்? பாஸ் ஜாதியா, புளூகில் ஜாதியா?

ரெண்டுக்கும் சொந்தக்காரன். மூன்றும் சன்ஃபிஷ் குடும்பம்தான். தட்டையான உடம்பு, பெரிய கண், வெள்ளி மினுமினுப்பில் கறுப்புத் திட்டுகள். வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என இரண்டு வகை உண்டு. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான், முட்டையிடும் காலத்தில் வெள்ளைக் கிராப்பியின் ஆணும் கறுத்துப்போகும். முதுகுத் துடுப்பின் முன்னால் உள்ள முட்களை எண்ணுங்கள். 5 அல்லது 6 இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 இருந்தால் கறுப்பு.

நாம் போகும் அணைகளில் வெள்ளைதான் அதிகம். வெள்ளைக் கிராப்பியின் உலக சாதனை மீனே ஈனிட் அணையில் 1957 ஜூலை 31 அன்று பிடிபட்டதுதான்: 5 பவுண்டு 3 அவுன்ஸ், அதாவது 2.35 கிலோ. இத்தனை வருடத்தில் அதை யாரும் தாண்டவில்லை. நமக்கு முக்கால் பவுண்டு, ஒரு பவுண்டு மீன் கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள்.

மேலே அவ்வளவு பெரிய ஏரி இருக்கே, எதுக்குக் கீழே போய் நிக்கணும்?

ஏரியில் மீன் எங்கே என்று தேடப் படகும் சோனாரும் வேண்டும். கீழே தேடவேண்டிய இடம் சின்னது. ஆற்றில் மேல்நோக்கி வரும் மீனுக்கு அணைதான் சுவர், அதற்கு மேல் போக வழி கிடையாது, அங்கேயே கூடும். மேலே ஏரியிலிருந்து மதகு வழியாக அடித்து வரப்படும் மீனும் அதே இடத்தில்தான் வந்து விழும். கூடவே ஷாட் என்கிற சின்ன மீன்கள் மயங்கியும் அடிபட்டும் வருகின்றன, கிராப்பிக்கு உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு.

இந்த அணைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. 1927 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு வெள்ளத் தடுப்புக்காகவே திட்டமிட்டுக் கட்டியவை இவை: சார்டிஸ் 1940, அர்காபுட்லா 1943, ஈனிட் 1952, கிரெனடா 1954. மழைக்காலத் தண்ணீருக்கு இடம் வேண்டும் என்பதால் கோடை முடிவிலிருந்தே ஏரியை வடிக்கத் தொடங்குவார்கள். சார்டிஸில் கோடை மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 260 அடி, குளிர்கால மட்டம் 236 அடி. அந்த 24 அடித் தண்ணீரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். மீனும் அதோடு போகும்.

எல்லாரும் ஸ்பில்வேன்னு சொல்றாங்க. ஆனா தண்ணி அணைக்கு அடியில சுரங்கத்துலேர்ந்துதானே வருது?

நீங்கள் பார்த்தது சரி. ஏரிக்குள் ஒரு கோபுரம், அதில் மதகுகள், அங்கிருந்து மண் அணைக்கு அடியில் போகும் கான்கிரீட் குழாய், வெளியே வந்ததும் வேகத்தைக் கொல்வதற்கு ஒரு கான்கிரீட் தொட்டி, அப்புறம் கற்கள் அடுக்கிய கால்வாய். இதைத்தான் ஊரில் ஸ்பில்வே என்கிறார்கள். உண்மையான உபரிநீர்ப் போக்கி தனியாக இருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்தால்தான் அதில் தண்ணீர் ஓடும், அது அபூர்வம்.

இது தெரிந்திருப்பதில் லாபம் உண்டு. தண்ணீர் ஏரியின் மேல்பரப்பிலிருந்து வராமல் ஆழத்திலிருந்து வருகிறது, அதனால் மேலே ஏரியின் வெப்பநிலையை வைத்துக் கீழே கணக்குப் போடாதீர்கள். ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கிப் பார்த்துவிடுங்கள், வேலை முடிந்தது.

லைசென்ஸ் வேணுமா? நாங்க விசாவுல இருக்கோம்.

16 வயது ஆனவர்களுக்கு மிசிசிப்பியில் லைசென்ஸ் வேண்டும். விசா ஒரு பிரச்சினை இல்லை, எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. மெம்ஃபிஸ் டென்னசியில் இருக்கிறது, எனவே சார்டிஸ் போனால் நீங்கள் வெளி மாநிலத்தவர், கட்டணம் கூடுதல். டென்னசி லைசென்ஸைக் காட்டினால் வனவிலங்குத் துறைக்காரர் சிரித்துக்கொண்டே அபராதச் சீட்டு எழுதுவார். மறுபடி டென்னசிக்குள் பிக்விக் அணைக்குப் போவதானால் டென்னசி லைசென்ஸ், அங்கே 13 வயதிலிருந்தே வேண்டும்.

எந்த மாசம் போகலாம்? ஒருத்தர் மார்ச்ங்கறார், ஒருத்தர் நவம்பர்ங்கறார்.

ரெண்டு பேரும் சரி, ஆனால் காரணம் வேறு வேறு. நவம்பரில் மேலே சொன்ன வடிப்பு நடக்கிறது, மீனும் இரையும் கீழே இறங்குகின்றன. மார்ச் கடைசி, ஏப்ரலில் தண்ணீர் 60 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும், கரையில் நிற்பவருக்கு எட்டும் தூரத்தில்.

நடுக்குளிர்காலத்தை நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்குப் பிடித்ததே அதுதான். தண்ணீர் 45 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் திரெட்ஃபின் ஷாட் தாங்காது, மயங்கி மிதக்கத் தொடங்கும். மதகு திறந்திருந்தால் அவை கூட்டமாக வந்து விழும். கையுறை போட்டுக்கொண்டு போங்கள், கூட்டமும் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணி எவ்வளவு விடறாங்கன்னு வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும், பார்க்காமல் கிளம்பவே கூடாது. மிசிசிப்பியின் நான்கு அணைகளும் ராணுவப் பொறியாளர் படையின் விக்ஸ்பர்க் பிரிவின் கீழ் வருகின்றன. ஏரி மட்டத்தையும் வெளியேற்றும் அளவையும் தினமும் இணையத்தில் போடுகிறார்கள். பிக்விக் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் அணை, அவர்களுடைய செயலியில் மணிக்கு மணி எவ்வளவு விடப்போகிறார்கள் என்றே இருக்கும். ஆனாலும் அது திட்டம்தான், மின்தேவை மாறினால் திட்டமும் மாறும்.

அளவு வினாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். எண்ணைப் பார்த்து இது அதிகம், இது குறைவு என்று முடிவு கட்டவேண்டாம். ஒரு அணையில் சாதாரணமாக இருக்கும் அளவு இன்னொன்றில் வெள்ளம். கடைசி நாலைந்து நாள் எண்களை வரிசையாகப் பாருங்கள்: ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? நான் பார்ப்பது அதைத்தான். நாலு நாளாக ஒரே அளவு என்றால் மீன் தன் இடத்தில் செட்டில் ஆகியிருக்கும், தைரியமாகக் கிளம்பலாம்.

மழை பெய்ஞ்சா நிறைய திறப்பாங்கன்னு போனேன், மூடி வச்சிருக்காங்க. ஏன்?

இந்த அணைகளின் வேலையே அதுதானே. மழை பெய்யும்போது கீழே டெல்டா நிலங்களில் ஆறு ஏற்கெனவே நிரம்பி ஓடும், அப்போது மேலேயிருந்து இன்னும் விட்டால் வயல்கள் மூழ்கும். அதனால் ஏரியில் பிடித்து வைத்துக்கொண்டு, கீழே வடிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். பெருமழைக்குப் பிறகு முதலில் மூடல், பிறகு வாரக்கணக்கில் நீளும் திறப்பு. மழையைப் பார்த்துக் கிளம்பாதீர்கள், வெளியேற்றும் அளவைப் பார்த்துக் கிளம்புங்கள்.

தண்ணி பாய்ஞ்சு ஓடும்போது மீன் எங்கே நிக்கும்? நடுவுல நுரை தள்ளற இடத்துலயா?

அங்கே கேட்ஃபிஷ் இருக்கும், ஒயிட் பாஸ் இருக்கும், கிராப்பி இருக்காது. அதன் உடம்பைப் பாருங்கள், பக்கவாட்டில் அகலம், தடிமன் இல்லை. வேகத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்துவதற்கான உடம்பு இல்லை அது. ஆனால் சாப்பாடு வருவது அந்த வேகத்தில்தான். அதனால் ஓட்டத்துக்கு மிக அருகில், ஓட்டம் தன்மேல் படாத இடமாகப் பார்த்து நிற்கும். பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் போகாமல் தூண் ஓரமாக நிற்கும் ஆளைப் போல.

அந்த இடத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். தூண்டிலை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஓடும் தண்ணீருக்கும் தேங்கிய தண்ணீருக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். நுரை அந்தக் கோட்டில் வரிசையாக வரும், சருகு ஒன்று அங்கே வந்ததும் தயங்கும். பக்கச் சுவர் முடிகிற மூலை, கற்சரிவில் ஒரு பெரிய கல் துருத்தி நிற்கும் இடம், கால்வாய் அகலமாகத் திறக்கும் இடம், இங்கெல்லாம் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி மெதுவாகச் சுற்றும். சருகு அணைப் பக்கமாக நகர்ந்தால் அதுதான் எதிரோட்டம். எதிரோட்டத்துக்குள் இருக்கும் மீன் அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறு ஓடும் திசையைப் பார்த்தும் நிற்கும், ஏனென்றால் அதற்கு ஓட்டம் அந்தப் பக்கமிருந்து வருகிறது. இரையை அதன் மூக்குக்கு எதிரே வரும்படி போடவேண்டும், பின்னாலிருந்து அல்ல.

மேலே தெரியும் கோடு அடியிலும் அதே இடத்தில் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். மேல்தண்ணீர் வேகமாக ஓடினாலும் தரையில் கற்களுக்கு நடுவே வேகம் பாதிகூட இருக்காது. கோட்டின் இந்தப் பக்கம் ஒன்றும் கடிக்கவில்லை என்றால், கொஞ்சம் எடை கூட்டி, கோட்டைத் தாண்டி, அடிவரை இறக்கிப் பாருங்கள்.

மதகு மூடிட்டாங்க, ஓட்டமே இல்ல. வண்டியைத் திருப்பிடலாமா?

வேண்டாம். ஓட்டம் இல்லாதபோது கிராப்பிக்கு ஒளிந்து நிற்கக் காரணம் இல்லை, அவ்வளவுதான். ஓரத்தில் நெருக்கியடித்து நின்ற கூட்டம் பரவிவிடும். ஆழமான தொட்டியிலும் அதற்குக் கீழே தண்ணீர் அரித்த பள்ளத்திலும் நடுத்தண்ணீரில் தொங்கிக்கொண்டு நிற்கும். சார்டிஸில் கீழ் ஏரியும் இருக்கிறது, அணை கட்ட மண் எடுத்த பள்ளம்தான் அது. அங்கே மூழ்கிய மரங்கள், படகுத்துறைகள் பக்கம் போய்ப் பாருங்கள்.

இப்போது வீச்சை மெதுவாக்குங்கள், எடையைக் குறையுங்கள், ஒரே இடத்தில் நிற்காமல் நடங்கள். ஓட்டம் உள்ள நாளில் மீன் ஒரு இடத்தில் இருக்கும், நாம் நிற்கலாம். ஓட்டம் இல்லாத நாளில் நாம்தான் சுற்றவேண்டும்.

நம்ம ஊர்ல ஷட்டர் மூடினதும் குட்டையில வலை வீசுவாங்களே, இங்கே வீசலாமா?

கிராப்பிக்கு வீசவே கூடாது. இங்கே அது விளையாட்டு மீன் பட்டியலில் இருக்கிறது, தூண்டிலில் மட்டும்தான் பிடிக்கலாம். வலையில் தற்செயலாக வந்தாலும் உடனே விட்டுவிடவேண்டும். இரைக்காக ஷாட் பிடிக்கும் சின்ன வீச்சுவலைக்குத் தனி விதி உண்டு, அந்தந்த அணைக்குக் கீழே அனுமதி இருக்கிறதா என்று அங்குள்ள பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிக்கா, உயிர் மின்னோவா?

ஜிக் என்பது ஈயத் தலை வைத்த செயற்கை இரை, மின்னோ இரையாகக் கோக்கும் சின்ன மீன். தண்ணீர் குளிர்ந்தோ கலங்கியோ இருந்தால் மின்னோ, தெளிந்து மிதமாக இருந்தால் ஜிக். ரெண்டையும் சேர்த்து ஜிக்கில் மின்னோவைக் கோத்துப் போடுபவர்களும் உண்டு, நானும் போடுவேன். மின்னோவை உதட்டில் குத்துங்கள், ஓட்டத்தில் நேராக நீந்தும். முதுகில் குத்தினால் பம்பரமாகச் சுற்றித் தூண்டில் நரம்பை முறுக்கிவிடும்.

நிறத்தைவிட எடை முக்கியம். தேங்கிய தண்ணீரில் 1/32 அவுன்ஸ், எதிரோட்டத்தில் 1/16, கோட்டை ஒட்டி 1/8, அதற்கும் நிற்கவில்லை என்றால் 1/4. எடை சரியா என்று பார்க்க ஒரு வழி: இரை அடியைத் தொடவேண்டும், ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. தொட்டுத் தொட்டு நகர்ந்தால் சரி. மதகு இன்னும் கொஞ்சம் திறந்தால் அதே ஜிக் அடிக்கே போகாது, அப்போது மீன் கடிக்கவில்லை என்று புலம்பாமல் எடையை மாற்றவேண்டும். 6 பவுண்டு தாங்கும் நரம்பு போதும். தடித்த நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுக்கும், இரை மேலே தூக்கிக்கொள்ளும்.

தக்கை போட்டா ரெண்டே செகண்ட்ல அடிச்சுட்டுப் போயிடுது.

ஓட்டத்துக்குள் போட்டால் போகத்தான் செய்யும். தக்கை எதிரோட்டத்துக்கான சாமான். சுழலுக்குள் போட்டால் அதுவே ஒரு சுற்றுச் சுற்றி, கோட்டை உரசி, திரும்ப உங்களிடம் வரும். நரம்பில் ஏறி இறங்கும் வகைத் தக்கையாக வாங்குங்கள், முடிச்சை நகர்த்தி ஆழத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஆழத்தில் சந்தேகம் வந்தால் மேலேயே வையுங்கள். கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்க்க அமைந்தது. தலைக்கு மேல் ஒரு அடியில் போகும் இரையை ஏறிவந்து எடுக்கும், வயிற்றுக்குக் கீழே போவதைத் திரும்பிப் பார்க்காது.

ஒவ்வொரு வீச்சுக்கும் கல்லுல மாட்டுது. ஒரு நாளைக்கு ஒரு டப்பா ஜிக் காலி.

மெல்லிய கம்பி முள் வாங்குங்கள், ஆபர்டீன் என்று பெட்டியில் போட்டிருக்கும். மாட்டினால் நிதானமாக இழுத்தால் முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும், இடுக்கியால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். அடுத்தது, தூரமாக வீசிக் கற்களின் மேல் இழுத்துவருவதை விடுங்கள். 10 அல்லது 12 அடி நீளக் கோல் இருந்தால் வீசவே வேண்டாம், கற்சரிவின் ஓரத்தில் நேராக இறக்கி, நேராகத் தூக்கலாம். அந்தக் கரையில் பல வருடமாக வரும் உள்ளூர்ப் பெரியவர்கள் கையில் இருப்பது அந்தக் கோல்தான், கவனித்திருப்பீர்கள்.

மாட்டின மீன் கரைக்கு வர்றதுக்குள்ள கழண்டுடுது.

வாய் காகிதம் மாதிரி. பாஸுக்கு வெட்டி இழுக்கிற மாதிரி இழுத்தால் உதடு கிழிந்து ஓட்டை பெரிதாகிவிடும். மணிக்கட்டை லேசாகத் தூக்கினால் போதும், முள் ஏறிவிடும். ஓட்டம் இருக்கும்போது தட்டையான மீன் குறுக்கே திரும்பினால் அதன் எடை பல மடங்காகத் தெரியும், அப்போது சுற்றாமல் நீங்கள் கீழ்ப்பக்கமாக நடந்து போய், தேங்கிய தண்ணீருக்குள் கொண்டுவந்து அப்புறம் இழுங்கள். நீளக் காம்பு வைத்த கைவலை கட்டாயம். நரம்பைப் பிடித்துக் கல்மேல் தூக்கப் பார்த்தால் பாதி மீன் தண்ணீருக்கே திரும்பும்.

தண்ணி டீ கலர்ல கலங்கி ஓடுது. பயன் உண்டா?

வெள்ளைக் கிராப்பி கலங்கலைத் தாங்கும் மீன், அதனால் வீட்டுக்குத் திரும்பவேண்டியதில்லை. கலங்கினால் அது ஆழத்தை விட்டு மேலே வரும், கரையையும் கல்லையும் ஒட்டி நிற்கும். இரையைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாது என்பதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடவேண்டும், மெதுவாக. நிறம் கறுப்பும் பச்சை-மஞ்சளும் சேர்ந்தது, அல்லது ஆரஞ்சு. கட்டைகளும் மரக்கிளைகளும் மிதந்து வருகிற அளவுக்குக் கலங்கல் என்றால் தூண்டிலைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும், அன்று விட்டுவிடலாம்.

சைரன் அடிச்சா என்ன பண்ணணும்? பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

சைரன் அடித்தால், விளக்குச் சுழன்றால், சாமானைப் பொறுக்காமல் மேலே ஏறுங்கள். எல்லா அணையிலும் எல்லா நேரமும் எச்சரிக்கை வரும் என்று நம்பவும் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், அது நனையத் தொடங்கினால் ஏற்றம் ஆரம்பம். பாசி படிந்த கல், கான்கிரீட் சுவரின் மேல்விளிம்பு, வேலிக்கு அந்தப் பக்கம், இந்த மூன்றுக்கும் மீன் எவ்வளவு கடித்தாலும் போகாதீர்கள். மதகுக்கு அருகே பொங்கும் தண்ணீர் விழுந்தவரை வெளியே தள்ளாது, திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அதில் வழி கிடையாது.

பிள்ளைகளை அழைத்துப் போகலாம், உயிர்காப்பு உடுப்புப் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு. என்னைக் கேட்டால் மதகு மூடிய நாட்களில் அல்லது சார்டிஸ் கீழ் ஏரிப் பக்கம் அழைத்துப் போங்கள். கோடையில் கற்களுக்கு நடுவே காட்டன்மௌத் என்கிற விஷப்பாம்பு இருக்கும், செருப்போடு இறங்கவேண்டாம்.

எத்தனை வச்சுக்கலாம்? எவ்வளவு நீளம்?

இந்த நான்கு ஏரிகளிலும் 12 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிடவேண்டும் என்ற விதி கிராப்பிக்காகவே கொண்டுவந்தது. ஏரிக்கு ஒரு விதியும் அணைக்குக் கீழே வேறு விதியும் இருக்கலாம், எண்ணிக்கையும் வருடா வருடம் மாறலாம், ஆகவே மிசிசிப்பி வனவிலங்கு, மீன்வளத் துறையின் அந்த வருடக் கையேட்டைப் பாருங்கள். அளவுகோலைப் பையில் வைத்திருங்கள். கண்ணுக்கு 12 அங்குலமாகத் தெரியும் மீன் பெரும்பாலும் 11 தான்.

சமைச்சா எப்படி இருக்கும்?

வெள்ளையான, மிருதுவான சதை, வாடை குறைவு. குழம்பில் நேரமானால் உடைந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு தடவி வறுத்தால் பிரமாதம். பிடித்ததும் ஐஸில் போடுங்கள், வாளித் தண்ணீரில் மதியம்வரை வைக்காதீர்கள்.

சார்டிஸ்ல கத்துக்கிட்டதை அப்படியே பிக்விக்ல பண்ணேன். ஒண்ணும் மாட்டல.

இரண்டும் வேறு வகை அணை. சார்டிஸில் மின்நிலையம் இல்லை. மதகை ஒரு முறை மாற்றினால் நாட்கணக்கில் அப்படியே இருக்கும். டென்னசி ஆற்றின் பிக்விக் 1938-ல் முடிந்த மின் அணை, ஆறு டர்பைன்கள். மின்சாரம் எப்போது வேண்டுமோ அப்போது தண்ணீர். கோடையில் மதியமும் மாலையும், குளிர்காலத்தில் விடியற்காலையில் தேவை ஏறும், ஓட்டமும் ஏறும். காலையில் நீங்கள் கண்டுபிடித்த கோடு பத்து மணிக்கு வேறு இடத்தில் இருக்கும். எந்தப் பக்க டர்பைன் ஓடுகிறது என்பதைப் பொறுத்து எதிரோட்டமே கரை மாறும்.

ஆறும் பெரியது, வேகமும் அதிகம். அணையை ஒட்டி ஸ்மால்மௌத் பாஸ், சாகர், கேட்ஃபிஷ் கிடைக்கும். கிராப்பிக்குக் கீழே இறங்கி ஓடை வந்து சேரும் வாய்கள், முகத்துவாரக் குட்டைகள், கப்பல் ஏற்றும் லாக் பக்கத்துத் தேங்கல்களைப் பாருங்கள். லாக் வாசலுக்கு அருகே எங்கே நிற்கலாம் என்பதற்கும் பலகை உண்டு.

ஓட்டம் மாறுற நேரத்துல நல்லா கடிக்கும்ங்கறாங்களே, ஏறும்போதா இறங்கும்போதா?

ஏறத் தொடங்கும்போது. புதுத் தண்ணீரில் இரை புரண்டு வரும், பரவியிருந்த கிராப்பி ஓரத்துக்கு ஒதுங்கும். கரையில் நிற்பவருக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் ஏற்றம் வேகமாக இருந்தால் அது கொஞ்ச நேரம்தான், அப்புறம் மீன் புது இடம் தேடி அலையும், கடிப்பது நின்றுபோகும். மறுநாள் போனால் புதுக் கோட்டில் உட்கார்ந்திருக்கும்.

மெதுவாக இறங்கும்போது மோசமில்லை, கரை ஓரத்திலிருந்து விலகி முதல் பள்ளத்தின் விளிம்புக்குப் போகும், நீங்களும் இரண்டு மூன்று அடி ஆழம் கூட்டினால் போதும். சட்டென்று இறங்கினால்தான் கஷ்டம். தரை தட்டிவிடும் என்று மீன் ஆழத்துக்கு ஓடிவிடும், ஓரத்தில் இருக்கும் இடமெல்லாம் வெறிச்சோடிவிடும். அன்று மதகு மூடிய நாளுக்குச் சொன்னபடி பள்ளங்களில் தேடுங்கள்.

பக்கத்துல நிக்கிறவர் வரிசையா எடுக்கிறார், எனக்கு அஞ்சு அடி தள்ளி ஒண்ணுமில்ல. ஏன்?

அந்த அஞ்சு அடிதான் விஷயம். எதிரோட்டத்தின் ஒரு ஓரம் சில சமயம் ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருக்கும். அவர் ஜிக்கின் நிறத்தைப் பார்க்காதீர்கள், தக்கைக்கும் முள்ளுக்கும் எவ்வளவு இடைவெளி வைத்திருக்கிறார், இரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அவர் நரம்புக்குக் குறுக்கே மட்டும் வீசாதீர்கள். "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள், போகும்போது இடத்தையும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஏப்ரல், முட்டையிடற நேரம். ஏரியை நிரப்ப மதகைக் குறைச்சுட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி திறந்தாங்க, நடுவுல குளிர் வேற. எதை நம்பறது?

முதலில் வெப்பநிலை. தண்ணீர் 60-க்கு மேலே இருந்தால் ஆண் மீன்கள் கூடு காக்கும், ஓட்டம் மாறினாலும் லேசில் நகராது. கால்வாய்க்கு வெளியே, ஓட்டமே படாத மூலைகளில், இரண்டு மூன்று அடி ஆழத்தில் தேடுங்கள். குளிர் வந்து 50-களுக்கு இறங்கிவிட்டால் கரையோரக் கணக்கை மறந்துவிட்டு பக்கத்துப் பள்ளத்துக்குப் போங்கள், மீன் அங்கே காத்திருக்கும்.

அடுத்து, கடைசியாக நடந்த மாற்றம் எப்போது என்று பாருங்கள். நேற்று இரவுதான் திறந்தார்கள் என்றால் புதுக் கோட்டின் ஓரம், இரண்டு மூன்று நாளுக்கு முன்பே என்றால் எதிரோட்டத்தின் உள்பக்கம். வெளியேற்றும் அளவு, வெப்பநிலை இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நான் ஏப்ரலில் வெப்பநிலைப் பக்கம் சாய்வேன், நவம்பரில் வெளியேற்றும் அளவின் பக்கம்.